ராஜா குந்திய கல்வெட்டு

என் மனைவி புஷ்பவல்லியிடம் நான் இருபத்தெட்டு வருடமாகச் சொல்லிவந்த பொய்கள் மூன்று டைரிகளில் பத்திரமாக இருக்கின்றன. எல்லாம் அவள் கையெழுத்து. கம்பெனியில் வருடப் பிறப்புக்குக் கொடுக்கும் தடித்த டைரிகள். கொண்டுவந்து கொடுத்தவன் நான், சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டவள் அவள். ஆக, எனக்கு எதிரான சாட்சியத்துக்குக் காகிதம் வாங்கித் தந்ததும் நானேதான். என்னைப் போல ஒரு புத்திசாலியை நெய்வேலி பார்த்திருக்காது.

பெண் விஷயம், சூதாட்டம் என்று ஏதாவது நினைத்துவிட வேண்டாம். எல்லாம் சொற்களைப் பற்றிய பொய்கள். இந்தச் சொல் எந்த நாட்டிலிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார்கள், முதலில் இதற்கு என்ன பொருள் என்று.

தொடங்கியது ஒரு கரும்பலகையில். எங்கள் ஆபீஸ் வாசலில் 'இன்று ஒரு சொல்' என்று ஒரு பலகை உண்டு. மத்திய அரசு ஆபீஸ்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். தினம் ஒரு சொல்லை இந்தியிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி வைப்பார்கள். யாரும் படிக்க மாட்டார்கள். நான் கோவில்பட்டியிலிருந்து கிளார்க்காக வந்து சேர்ந்த புதிதில், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். கொடுக்கிற பட்டியலில் 'ஒப்புதல்', 'மேல்முறையீடு', 'இணைப்பு' என்று எல்லாம் காய்ந்துபோன சொற்கள். எனக்கு அலுத்துப்போய், கீழே சின்ன எழுத்தில் நானாக ஒரு வரி சேர்க்க ஆரம்பித்தேன். 'சாவி: போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சொல்.' 'பீரோ: பிரெஞ்சுக்காரர் தந்தது.' அதையும் யாரும் படிக்கவில்லை.

ஒரே ஒருத்தி படித்தாள். முத்தாண்டிக்குப்பம் வைத்திலிங்கம் என்பவர் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. கேட் பாஸ் புதுப்பிக்க வந்தார். படிவம் நிரப்பிக் கொடுப்பதற்காக மகளையும் கூட்டிவந்திருந்தார். மகள் படிவத்தை என்னிடம் நீட்டிவிட்டு வாசல் பலகையைக் காட்டினாள்.

"சார், லிக்னைட்டுன்றது என்னா மொழி சார்?"

"லத்தீன்லேர்ந்து வந்ததும்மா. லிக்னம்னா மரம்."

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப நீ தெனம் மரந்தான் வெட்டிகினு இருக்கியா? கரின்னு பொய் சொல்லிகினு இருக்க?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்த இடத்திலேயே விழுந்துவிட்டேன். அன்றைக்கு அவர்கள் பாஸை வாங்கிக்கொண்டு கிளம்ப வெகுநேரம் ஆயிற்று. காரணம் வேலைப் பளு இல்லை.

அதன் பிறகு பாஸ் விஷயமாக அவள் இன்னும் மூன்று முறை வந்தாள். அதில் இரண்டு முறை வரவேண்டிய தேவையே இல்லை என்று பின்னால் ஒப்புக்கொண்டாள். வரும்போதெல்லாம் ஏதாவது சொல்லைக் கேட்பாள். ஜன்னல், அலமாரி, மேஜை, பேனா, வராந்தா, ஏலம் எல்லாம் சாவியோடு ஒரே கப்பலில் வந்தவை என்றேன். வக்கீலும் ரசீதும் அரபு, பாரசீகப் பக்கம். துட்டு என்பது டச்சுக்காரனின் நாணயம். கக்கூஸும் டச்சுதான் என்றதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு நிஜமாகத் தெரிந்தது மொத்தம் பதின்மூன்று சொற்கள். ஒரு காதலுக்கு அது போதவில்லை.

பதினான்காவதாக அவள் கேட்டது வடாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் "சரிங்க சார்" என்று போய்விடுவாளே.

"ஹாலந்துல ராட்டர்டாம்னு ஒரு ஊர் இருக்கு," என்றேன். "அந்த ஊர்க் கப்பல்காரங்கதான் மாவைப் பிழிஞ்சு மேல்தளத்துல காயப்போடுவாங்க. ராட்டர்டாம், வாட்டர்டாம், வடாம்."

அவள் கண்ணை அகல விரித்துக் கேட்டாள். உங்கள் பேச்சை யாராவது அப்படிக் கண்ணை விரித்துக் கேட்டால் நீங்களும் போண்டாவுக்கு ஒரு இத்தாலியப் பாதிரியாரைத் தயார் செய்வீர்கள். நான் செய்தேன்.

கல்யாணம் சுலபமாக நடக்கவில்லை. எங்கள் ஊரில் என் அம்மா, கூலிக்காரன் வீட்டுப் பெண்ணா என்று ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. பண்ருட்டியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு குவார்ட்டர்ஸில் குடியேறினோம். இரண்டு மாதம் கழித்து அம்மா ஒரு பையோடு வந்து இறங்கினாள். புஷ்பா காலையிலிருந்து வீட்டை மூன்று தரம் பெருக்கியிருந்தாள். கதவைத் திறந்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, "வாங்கத்த, குந்துங்க," என்றாள்.

அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "குந்தணுமா? நான் என்ன கோழியாடா?"

புஷ்பாவின் முகம் விழுந்ததைப் பார்த்தேன். அதன் பிறகு என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"உனக்குத் தெரியாதும்மா. அது ராஜசபைச் சொல்லு. இங்க பக்கத்துல திருவதிகைக் கோயில் இருக்கு. அங்க கல்வெட்டுல பல்லவ ராஜா 'சிம்மாசனத்தில் குந்தியருளினான்'னு வெட்டியிருக்கு. உக்காருன்றது பின்னால சாதாரண சனங்களுக்கு வந்த சொல்லு."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கால்பக்கம் சேலையைச் சரிசெய்துகொண்டு கம்பீரமாக உட்கார்ந்தாள். ஊருக்குத் திரும்பிப் போய், என் மருமகள் பேசுவது ராஜா வீட்டுப் பேச்சு என்று கோவில்பட்டி முழுக்கச் சொல்லியிருக்கிறாள். சாகும் வரைக்கும் சொன்னாள்.

புஷ்பா அன்றைக்கே அதை டைரியில் எழுதினாள். மற்ற சொற்களுக்கு ஒரு வரி, இரண்டு வரி. குந்து என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு முழுப்பக்கம், சுற்றிலும் பார்டர், நான்கு மூலையிலும் பூ.

இந்த டவுன்ஷிப்பில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருக்கிறோம். வந்து இரண்டு வருடத்தில் அவரவர் ஊர்ப் பேச்சு தேய்ந்து எல்லாரும் ஒரே மாதிரி பேச ஆரம்பித்துவிடுவோம். நானே கோவில்பட்டியைப் பாதி தொலைத்துவிட்டேன். இந்த மண்ணின் பேச்சைக் கொச்சையாக நினைத்ததால், இங்கேயே பிறந்த புஷ்பாதான் முதலில் வாயை மாற்றிக்கொள்வாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் எதிர்பார்த்தார்கள். அவள் மாற்றவில்லை. மகளின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் முன்னால், பெரிய ஆபீசர் வீட்டு விசேஷத்தில், எங்கேயும் வூடு வூடுதான், குந்து குந்துதான். யாராவது சிரித்தால் பல்லவ ராஜாவை எடுத்து விடுவாள். சிரித்தவர்கள் வாயடைத்துப் போவார்கள். எனக்கு உள்ளூர உதறும். ஆனாலும் அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு நடப்பதைப் பார்க்கப் பெருமையாக இருக்கும். அவ்வளவு பிடிக்கும் எனக்கு அவளை.

செல்போன் வந்த பிறகு ஒருநாள், அதில் தேடிப் பார்க்கச் சொல்லி மகள் இசைப்பிரியா அவளிடம் சொன்னாள். "எதுக்கு? வூட்லயே ஒரு ஆளு சம்பளம் இல்லாம இருக்காரு," என்றுவிட்டாள் புஷ்பா. நான் சாமி படத்தைப் பார்த்து மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு வேண்டாமா. போன வியாழக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தேன். மேஜை மேல் ஒரு நோட்டீஸ். எங்கள் பிளாக் மன்ற நூலகத்தின் ஆண்டு விழா, ஞாயிறு காலை பத்தரை மணி. 'நம் வீட்டுச் சொற்கள்: உரை, திருமதி புஷ்பவல்லி ஜெயராமன்.' நூலகச் செயலாளர் தேவயானி, எங்கள் எதிர்வீட்டுக்காரர், அவளைக் கேட்காமலேயே பெயரைப் போட்டுவிட்டாராம். புஷ்பாவுக்குக் கால் தரையில் படவில்லை. அவள் மேடையேறிப் பேசுவது இதுதான் முதல் முறை.

நான் நோட்டீஸின் மேல்வரியைப் படித்தேன். 'தலைமை: கல்வெட்டு ஆய்வாளர் திரு. சிங்காரவேல், திருவதிகை.'

அந்த மனிதர் வேலைபார்த்த காலமெல்லாம் ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டைப் படி எடுத்தவர். திருவதிகைக் கோயில் சுவரில் ஒரு கல் விடாமல் படித்தவர் என்று நோட்டீஸிலேயே போட்டிருந்தது. அவரை அருகில் வைத்துக்கொண்டு என் மனைவி பல்லவ ராஜாவைக் குந்த வைக்கப் போகிறாள்.

"புஷ்பா, குந்து வேணாமே. நேரம் பத்தாது," என்றேன் வெள்ளிக்கிழமை.

"அதுலதாங்க முடிக்கப் போறேன். அந்த ஐயா வேற வர்றாரு. சந்தோசப்படுவாரு இல்ல?"

சனிக்கிழமை நான்கு மணிக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். பீரோக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது.

"புஷ்பா, அந்த டைரில இருக்கறதுல கொஞ்சம்... நானாச் சொன்னது."

"எல்லாமே நீங்க சொன்னதுதான?"

"நானாச் சொன்னதுன்னா... நானாக் கட்டிவிட்டது."

அவளுக்கு அது புரிய நேரமாயிற்று. கட்டிலில் உட்கார்ந்தாள். எழுந்து போய் மூன்று டைரிகளையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

"எது நெசமோ அதுக்கு டிக் போடுங்க."

போட்டேன். இருநூற்றுச் சொச்சம் சொற்கள். முதல் பதின்மூன்றும், பின்னால் அங்கே இங்கே படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்த்து முப்பத்தொரு டிக் விழுந்தது.

"வடாம் கூடவா?"

"வடாம் கூட."

கண்ணை மூடிக்கொண்டாள். "போன வருசம் தேவயானி வூட்ல நாப்பது பேரு முன்னாடி ராட்டர்டாம்னு சொன்னேன்."

குந்து எழுதிய பக்கத்தை அவள் கடைசிக்கு வைத்திருந்தாள். திருப்பி என் பக்கம் நகர்த்தினாள். பூக்களின் மை மங்கியிருந்தது. "இது?"

அந்த ஒன்றை மட்டும் காப்பாற்றிவிட வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா. சிங்காரவேலுக்கு ஜுரம் வந்துவிடக் கூடாதா என்றுகூட நினைத்தேன். பேனாவைக் கீழே வைத்தேன்.

"அதுவுந்தான்."

"அப்ப உங்கம்மா அன்னிக்கு கேட்டது சரிதான்."

"சரியில்ல புஷ்பா. அதனாலதான் நான்..."

"ஒன்னு கேக்கறேன், யோசிச்சு சொல்லுங்க. இத்தன வருசத்துல நீங்க யாரையாச்சும் குந்துங்கன்னு சொல்லியிருக்கீங்களா? ஒரே ஒரு தடவ?"

யோசித்தேன். ஒரு தடவை கூட இல்லை.

"ராஜா சொல்லுன்னீங்க. ஆனா ஒங்க வாய்க்கு அது வரல. நான் பாத்துகினேதான் இருந்தேன். பழக்கம் இல்லன்னு நெனச்சிகினேன்." டைரிகளை அடுக்கி எடுத்துக்கொண்டாள். "இப்பதான் தெரியுது."

கோபம் வந்தால் அவள் சாப்பாட்டில் உப்பைக் குறைத்துவிடுவாள். அன்றைக்கு உப்புமாவில் உப்பு சரியாக இருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் அறுபது, எழுபது பேர் இருந்தார்கள். பின்வரிசையில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மாமனார் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து முதல் ஆளாக வந்திருந்தார். வயது எழுபத்தெட்டு. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலை ஒட்டிச் சுவரோரமாக நின்றார்.

"உட்காருங்க மாமா," என்றேன்.

"இருக்கட்டும் மாப்ள."

அவர் எப்போதும் அப்படித்தான். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் நான் உட்காரச் சொன்னால் "இருக்கட்டும்" என்று நிற்பார். புஷ்பா வந்து சொன்னால்தான் உட்காருவார். கூச்ச சுபாவம் என்று நான் முடிவுகட்டி வைத்திருந்தேன். நான் இரண்டாம் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

தேவயானி அழைத்ததும் புஷ்பா முதல் டைரியோடு மேடையேறினாள். சாவி, ஜன்னல், அலமாரி என்று வரிசையாகச் சொன்னாள். கக்கூஸுக்குச் சபை குலுங்கிச் சிரித்தது. லிக்னம் என்றால் மரம் என்றதும் பழைய சுரங்கத் தொழிலாளிகள் கை தட்டினார்கள்.

"இத்தோட நெசம் முடிஞ்சிபோச்சு," என்றாள். "மீதி டைரி பூரா எங்க வூட்டுக்காரரு கட்டிவுட்டது."

எழுபது தலைகள் என் பக்கம் திரும்பின. நான் மின்விசிறியைக் கவனமாகப் பார்த்தேன். ராட்டர்டாம் வடாமை அவள் சொல்லி முடித்தபோது தேவயானி சிரித்த சிரிப்பில் மைக் ஓலமிட்டது. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, புஷ்பா தலைவர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, திருவதிகைக் கல்வெட்டுல எங்கியாச்சும் ராஜா குந்துனாருன்னு இருக்குதுங்களா?"

சிங்காரவேல் எழுந்து மைக்கை வாங்கினார். "இல்லம்மா. ராஜாவுக்கு 'வீற்றிருந்து'ன்னுதான் வெட்டுவாங்க. குந்து நான் எந்தக் கல்லுலயும் பாக்கல." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா ஒன்னு சொல்றேன். நான் வேலையா தார்வாடு பக்கம் நாலு வருசம் சுத்தினவன். கன்னடம் சுத்தமாத் தெரியாது. மொத நாள் ஒரு வூட்டு வாசல்ல போய் நிக்கறேன், அந்தம்மா 'பர்ரி, குந்த்ரி'ன்னாங்க. அட, நம்ம பண்ருட்டிக்காரங்க மாதிரி கூப்புடுறாங்களேன்னு அப்படியே குந்திட்டேன். ராஜா பேசாட்டி என்னாம்மா, ரெண்டு நாட்டு சனம் பேசுது."

புஷ்பா அவரைக் கும்பிட்டாள். டைரியை மூடினாள்.

"ராஜா குந்துனா என்னா, குந்தாட்டி என்னா. எங்கப்பா பத்து வயசுலேர்ந்து அடுத்தவங்க கொல்லையில வேல செஞ்சவரு. அப்புறம் சொரங்கத்துல காண்ட்ராக்ட்டு. போன எடத்துல எல்லாம் நிக்க வெச்சுத்தான் பேசுவாங்க. ஆனா எங்கூட்டுக்கு யாரு வந்தாலும், ஓட்டு கேட்டு வந்தாலும், ஊசி போட வந்தாலும், எங்கப்பா மொதல்ல சொல்றது 'வாங்க, குந்துங்க'. தண்ணி அப்புறந்தான். அந்தச் சொல்லு எனக்கு அவருகிட்டேர்ந்து வந்துச்சு. வேற எங்கேர்ந்தும் வரல."

அவள் தொடர்ந்தாள்.

"அப்பாவோட பாஸுக்காக ஒரு ஆபீஸ் போனேன். அங்க எதுத்தாப்புல ஒரு நாற்காலி இருந்துச்சு. அது மேல ஃபைலு குந்திகினு இருந்துச்சு. எங்கப்பா ஒன்ற மணி நேரம் நின்னுகினு இருந்தாரு. அந்த ஆபீஸ்காரரு என்கிட்ட லத்தீன் சொல்லிகினு இருந்தாரு."

சிலர் சிரித்தார்கள். எனக்கு அந்த நாற்காலி கண்முன்னால் வந்து நின்றது. பிளாஸ்டிக் பின்னல் அறுந்த பழைய நாற்காலி. மேலே ஆறு ஃபைல்கள். அந்த நாளை நான் எத்தனையோ பேரிடம் எவ்வளவோ சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை கூட அதில் மாமனார் நிற்கவில்லை. உட்காரவும் இல்லை. சிரித்துவிட்டு என் கதையிலிருந்து போய்விடுவார். வெட்கமாக இருந்தது.

புஷ்பா தண்ணீர் குடிக்க நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை. அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் இன்னும் சுவரோரமாகத்தான் நின்றுகொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். பின்னால் காலி நாற்காலிகள் இருந்தது உண்மைதான். ஆனாலும் என் நாற்காலியையே தூக்கிக்கொண்டேன். நடுவில் இருந்தவர்கள் காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். வாசலோரம் போய் அவர் பக்கத்தில் போட்டு, என் தோள்துண்டால் அதைத் துடைத்தேன். அந்தச் சொல் என் வாய்க்குப் புதிது. முதல் தடவை காற்றுதான் வந்தது.

"மாமா," என்றேன். "குந்துங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இருக்கட்டும் என்று சொல்லவில்லை. முழங்காலில் கையூன்றி மெல்ல உட்கார்ந்தார். மேடையில் அவள் தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"காலு வலிச்சிகினுதான் இருந்துச்சு மாப்ள," என்றார்.